முப்பத்தாறு படங்களும் ஒரு கண்ணும்

மரக்காணம் உப்பளத்தில் சக்கரபாணி மோட்டார்க்காரர். ஓடைத் தண்ணீரை மேல் பாத்திக்கு ஏற்றுவதும், அங்கே வெயிலில் சுண்டியதை அடுத்த பாத்திக்கு இறக்குவதும், எந்தப் பாத்தி எப்போது வாருவதற்குத் தோதாகும் என்று ஆட்களுக்குச் சொல்வதும் அவர் வேலை. அதற்கு முன்னால் பத்து வருடம் திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தார். ஸ்டூடியோ மூடியபோது அங்கே ஷோகேஸில் கிடந்த ஃபிலிம் கேமராவை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். இப்போது வயது ஐம்பத்தாறு.

வருடத்துக்கு ஒரே ஒரு கலர் ரோல் போடுவார். முப்பத்தாறு படம். மழைக்கு முன்னால் உப்பு வாரும் கடைசி நாளில், அந்த அளத்தில் வேலை செய்யும் இருபத்திரண்டு பெண்களையும் ஆளுக்கு ஒரு படம் எடுப்பார். மிச்சத்தில் எல்லோரையும் சேர்த்து நாலைந்து, பாத்திகளையும் குவியல்களையும் சில. பிறகு ஆளுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். பதினேழு வருடமாக இது நடக்கிறது. மரக்காணத்தில் சில வீடுகளில் சுவரில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு படம் மாட்டியிருக்கும். எல்லாம் ஒரே பெண், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சம் மாறியபடி.

"போன்ல எடுத்தா அப்பவே பாத்துடலாம் இல்லணா?" என்று அந்தப் பெண்களில் ஒருத்தியான பாஞ்சாலை ஒருமுறை கேட்டாள்.

"எடுத்துப் பாரு. உப்பு வெள்ளைப் பேப்பர் மாதிரி இருக்கும். ஃபிலிம்ல ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்றார். அவள் எடுத்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு கேட்கவில்லை.

இந்த வருடம் செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்த நாள் வந்தது. வழக்கம்போல உள்ளங்கையை வெயிலில் நீட்டி, அதன்மேல் மீட்டரைப் பிடித்து வெளிச்சம் அளந்துகொண்டார். உப்பைப் பார்த்து அளந்தால் மீட்டர் ஏமாந்துபோகும், முகமெல்லாம் இருட்டாகிவிடும். கேமராவை வலது கண்ணில் வைத்தபோது உள்ளே மங்கலாக இருந்தது. பூஞ்சை பிடித்திருக்கும் என்று சட்டை நுனியால் துடைத்தார். அப்படியும் தெளியவில்லை. பெண்கள் வெயிலில் காத்திருந்தார்கள், எடுத்து முடித்தார்.

குயிலாப்பாளையத்தில் ஒரு லேப் இருக்கிறது. ஆரோவில் வந்துபோகிறவர்கள் ஃபிலிம் கொண்டுவருவதால் ஓடுகிற லேப். ரோலை அங்கே கூரியரில் அனுப்பினார். அவர்கள் கழுவி, ஸ்கேன் செய்து, முதலில் படங்களைப் போனுக்கு அனுப்புவார்கள். சரி என்று சொன்னால் பிரிண்ட் போடுவார்கள்.

பத்து நாளில் படங்கள் வந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இடது கையால் போனைத் திறந்தார். அப்புறம் சாப்பிடவில்லை.

"இன்னாங்க?" என்றாள் அவர் மனைவி விஜயலட்சுமி.

போனை அவள் பக்கம் திருப்பினார். அன்றைக்குக் கடைசிப் பாத்தியில் தண்ணீர் நன்றாகச் சுண்டி ரோஜா நிறத்தில் இருந்தது. அதற்காகவே பெண்களை அதன் வரப்பில் நிற்கவைத்திருந்தார். படத்தில் அந்தத் தண்ணீர் சிமெண்ட் கரைத்த மாதிரி இருந்தது. உப்புக் குவியல் நீலம் பாரித்துக் கிடந்தது. முகங்களில் ரத்தமே இல்லை. திருநீற்றைக் குழைத்துப் பூசியதுபோல எல்லோரும் ஒரே நிறமாக வெளுத்திருந்தார்கள்.

"போன்ல அப்படித்தான் தெரியும்" என்றாள் விஜயலட்சுமி.

"போன வருசமும் இதே போன்தான்."

அவருக்குள் வேறொரு பயம் இருந்தது. இந்த சீசனில் இரண்டு முறை அவர் தண்ணீரைத் தவறாக இறக்கியிருந்தார். நிறத்தைப் பார்த்தே பதம் சொல்கிறவர், சுண்டிவிட்டது என்று நினைத்து இறக்கினால் சுண்டவில்லை. முதல் முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை அளத்துக்காரர், "இன்னா சக்கரபாணி, வயசாயிடுச்சா?" என்று சிரித்தார். அதிலிருந்து ஒவ்வொரு பாத்தியிலும், தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகே மடை திறந்தார். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இப்போது படமும் போய்விட்டது.

பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டார். மறைப்பது சரியாகப் படவில்லை. பாஞ்சாலைதான் முதலில் வாய்ஸ் அனுப்பினாள்: "ணா, இந்த வருசம் சூப்பர்ணா. நான் இவ்ளோ செவப்பா இருக்கேன்." சவரியம்மாள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "இது நானா?"

மறுநாள் காலை பாண்டிச்சேரி பஸ் ஏறினார். கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை லேப்பில் என்ன பேசுவது என்று யோசித்தபடி வந்தார். சண்டை போடவா, மன்னிப்புக் கேட்கவா என்றே தெரியவில்லை. கெட்டது அவர்கள் கையிலா தன் கையிலா என்பது தெரிந்தால்தானே.

லேப்பில் முதலாளி இல்லை. ஸ்கேனர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பெயர் தமிழ்நிலா. பிரம்மதேசத்துப் பெண், தினமும் இங்கே வந்துபோகிறாள்.

"ஸ்கேன் பாத்தேம்மா. நெகட்டிவ் பாக்கணும்" என்றார்.

"எதுனா பிரச்சனையா சார்?"

"அது நெகட்டிவ பாத்தாத்தான் தெரியும்."

அவள் உறையிலிருந்து ஆறாறு படமாக வெட்டிய துண்டுகளை எடுத்து லைட் பாக்ஸ் மேல் வைத்தாள். சக்கரபாணி பையிலிருந்து சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். இது ஸ்டூடியோ காலத்துப் பழக்கம். முதலில் ஓரத்து எண்களைப் பார்த்தார். அவை அழுத்தமாக, கூர்மையாக இருந்தால் கழுவியது சரி. சரியாகத்தான் இருந்தது. அடுத்து உப்புக் குவியல். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக விழும். கறுப்பு அப்பிக்கொள்ளாமல் அதற்குள் கல் கல்லாகப் பிரிவு தெரிந்தது. பிறகு பெண்களின் தலைமுடி. அங்கே ஃபிலிம் வெறுமையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். வெறுமையாக இல்லை. கமலாம்பாளின் கொண்டையில் ஊசிகூடத் தெரிந்தது.

நிமிர்ந்தார்.

"நெகட்டிவ் நல்லா இருக்குதும்மா."

தமிழ்நிலா குனிந்து பார்த்தாள். அவளுக்கும் அது தெரிந்தது. கணினியில் அந்த ரோலைத் திறந்து, ஸ்கேன் செய்தபோது இருந்த அமைப்பைப் பார்த்தாள்.

"நான்தான் சார் பண்ணேன்" என்றாள். "ஆட்டோவுல போட்டிருக்கேன். படம் பூரா செவப்பு ஜாஸ்தியா இருக்குதுன்னு மெஷின் நெனச்சுக்கிச்சு. தண்ணி செவப்பா இருக்கும்னு அதுக்குத் தெரியாதுல்ல. செவப்ப எடுத்துடுச்சு. நானும் ஃபிலிம் பழசு போலன்னு விட்டுட்டேன். அன்னிக்கு பதினாறு ரோல் வந்துச்சு சார்."

"தண்ணி செவப்புன்னு உனக்குத் தெரியாதா? பிரம்மதேசம்னு சொல்ற."

"பஸ்ஸுல போவும்போது பாத்திருக்கேன். இவ்ளோன்னு தெரியாது." அவள் குரல் இறங்கியிருந்தது. "சாரி சார்."

சக்கரபாணிக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டிய இடத்தில் நிம்மதி உட்கார்ந்திருந்தது. "தப்பு எங்கன்னு தெரிஞ்சா போதும். இப்ப போடு, பக்கத்துல இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவை அணைத்துவிட்டு அவள் சவரியம்மாளின் படத்தை மறுபடி ஸ்கேன் செய்தாள். திரையில் நிறத்தைக் கையால் கூட்டிக் குறைத்தாள். அவர் பக்கத்திலிருந்து சொன்னார். "தண்ணி இன்னும் கொஞ்சம்... போதும். மூஞ்சி இருட்டு பத்தல. சவரி நல்ல கறுப்பு. அத வெளுக்காத." கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்தி ரோஜா நிறத்துக்கு வந்தது. சவரியம்மாளின் முகத்தில் வெயில் பட்ட இடம் செம்பு மாதிரி மின்னியது. தமிழ்நிலா கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோ அழகா இருக்காங்க சார் இவங்க" என்றாள். "நான் அனுப்புனதுல இவங்களே இல்ல."

மூன்று படங்களைப் பிரிண்ட் போட்டாள். ஈரம் காய்ந்து வெளியே வந்ததும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தாள். சக்கரபாணி கையில் எடுத்துப் பார்த்துத் தலையாட்டினார். நன்றாக வந்திருந்தது. கல் பிரிகிறதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடியை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"மஞ்ச ஏறியிருக்குதும்மா."

"எங்க சார்?"

"உப்புல. பூரா மஞ்ச."

அவள் பிரிண்டை வாங்கிப் பார்த்தாள். திரையில் உப்பின் மேல் சுட்டியை வைத்து எண்களைக் காட்டினாள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்தன. அவர் பூதக்கண்ணாடியையே வாங்கி அதன் வழியாகவும் பார்த்தாள்.

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது சார்."

"சும்மா பாக்கும்போது எனக்கும் வெள்ளைதான். கண்ணாடியில பாத்தா மஞ்ச."

அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. முப்பது வருடமாகப் பிரிண்ட் பார்க்கிற கண். அவள் வாதாடவில்லை. பிரிண்டை மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

"சார், படத்த வுடுங்க. சுத்தி வெள்ளை ஓரம் இருக்குதுல்ல, அதுல ஒண்ணுமே அச்சாவல. வெறும் பேப்பர். அதப் பாருங்க."

பார்த்தார். ஓரம் டீ சிந்திக் காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது.

"அதுவும் மஞ்ச" என்றார்.

"இப்ப அந்தக் கண்ண மூடிட்டு இன்னொரு கண்ணுல பாருங்க."

இடது கண்ணில் வைத்தார். ஓரம் வெள்ளை. சலவை வேட்டி வெள்ளை. மறுபடி வலது கண். டீக்கறை. இடது, வலது என்று மாற்றி மாற்றி நாலைந்து முறை பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை மெதுவாக மேசைமேல் வைத்தார். நெகட்டிவே ஆரஞ்சு நிறமாக இருப்பதால் அதில் அவருக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

தமிழ்நிலா எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். கேமரா மங்கலாக இருந்ததை, இரண்டு முறை தண்ணீர் இறக்கியதை, குழாய் மிதக்கவிட்டுப் பார்த்ததை, அளத்துக்காரர் சிரித்ததை.

"நான் கை போச்சுன்னு நெனச்சேம்மா. புத்தி போச்சுன்னுகூட நெனச்சேன்."

"கண்ணு சார். கண்ணுன்னா டாக்டர் இருக்காங்க" என்றாள். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. பொர விழுந்திருக்கும். சின்ன ஆபரேஷன். நாளைக்கே போங்க, நாள் தள்ளாதீங்க."

"மிச்சப் பிரிண்ட்?"

"உங்க எடது கண்ண வெச்சுப் பாருங்க, நான் ரெண்டு கண்ணையும் வெச்சுப் பாக்கறேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

சாயங்காலம்வரை இருந்தார்கள். இருபத்திரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். இவள் மாநிறம், இவள் மூக்குத்தி சிவப்புக் கல், இவள் போட்டிருக்கும் சட்டை அவள் புருஷனுடையது, பச்சையும் இல்லை நீலமும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது படத்துக்குப் பிறகு அவர் சொல்லுமுன்பே அவள் சரியாக வைக்க ஆரம்பித்தாள். பதினெட்டாவதில் அவர், "நீயே பாத்துப் போடும்மா" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வார்த்தையை அவர் இதுவரை எந்த லேப்பிலும் யாரிடமும் சொன்னதில்லை.

பிரிண்டுகளைக் கொடுக்கும் நாளில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சவரியம்மாள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். படங்கள் கை மாறின.

பாஞ்சாலை தன்னுடையதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "ணா, போன்ல வந்தது இதவிட நல்லா இருந்துச்சுணா. இதுல கறுத்துட்டேன்."

"கறுத்துட்டியா? நீ எப்ப வெளுத்திருந்த?" என்றாள் சவரியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். "அந்தப் படத்த பாத்துட்டு எம்மவ, யாரும்மா இது, செத்துக் கெடக்கற மாதிரின்னு கேட்டா. இத பாரு. வேர்வைகூடத் தெரியுது. இதான் நானு."

"உனக்கு இன்னா, பேரன் எடுத்துட்ட. எங்க நாத்தனா ஊட்டுல பாப்பாங்கல்ல."

கடைசியில் பாஞ்சாலை இரண்டையும் வைத்துக்கொண்டாள். வெளுத்தது போனில் முகப்புப் படமாக இருக்கட்டும், இது சுவரில் இருக்கட்டும் என்றாள். சக்கரபாணி மறுக்கவில்லை. அவள் முகம், அவள் இஷ்டம்.

அவர் கிளம்பும்போது கண் விஷயத்தைச் சொன்னார். சவரியம்மாள்தான், "எனக்கும் ஒரு கண்ணுல லைட்ட சுத்தி வட்டம் வட்டமா தெரியுது ணா. வெயிலுன்னு வுட்டுட்டேன்" என்றாள். உப்பு வெளிச்சத்தில் இருபது வருடம் நின்ற கண்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தன. அடுத்த வாரம் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு அவருடன் ஐந்து பெண்கள் பஸ் ஏறினார்கள். சவரியம்மாளுக்கும் கமலாம்பாளுக்கும் புரை இருந்தது. மற்ற மூவருக்குக் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார்கள்.

சக்கரபாணிக்கு நவம்பரில் ஆபரேஷன் நடந்தது. கால் மணி நேரம்தான். மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது முதலில் நர்ஸின் உடுப்பைப் பார்த்தார். வெள்ளை இத்தனை வெள்ளையாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை வானம் சாம்பலாக இல்லை, நீலம் கலந்த சாம்பலாக இருந்தது. அந்த நீலத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற விஜயலட்சுமி, "வலிக்குதா? தண்ணி வருதே" என்றாள். இல்லை என்று தலையாட்டினார்.

பொங்கலுக்கு முன்னால் புருஷனும் பெண்சாதியும் குயிலாப்பாளையம் போனார்கள். விஜயலட்சுமி கையில் ஒரு தூக்கில் சுறாப் புட்டு, சக்கரபாணி தோளில் ஐந்து கிலோ கல்லுப்பு. தமிழ்நிலா கைநீட்டி வாங்க வந்தபோது விஜயலட்சுமி தடுத்தாள். "உப்ப கையில குடுக்கக்கூடாது. சண்ட வரும். மேசையில வெக்கிறேன், எடுத்துக்க." லேப் முதலாளி புருஷோத்தமன் இதைப் பார்த்துச் சிரித்தார்.

சக்கரபாணி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டார். "நீ அன்னிக்கு எண்ணக் காட்டி, மெஷின் சரின்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம்மா" என்றார். "கெழவனுக்கு இன்னா தெரியும்னு விட்டிருக்கலாம். நீ வுடல."

"நீங்க வந்தீங்கல்ல சார்" என்றாள் அவள். முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "போன் பண்ணிக் கத்தியிருந்தா நான் திருப்பி ஸ்கேன் பண்ணி அனுப்பியிருப்பேன். அத்தோட முடிஞ்சிருக்கும். அன்னிக்கு நான் வேலைய வுட்டுடலாமான்னு நெனச்சிருந்த நாளு. தெனம் பத்துப் பதினஞ்சு ரோல், யாரு மூஞ்சியும் எனக்குத் தெரியாது. உங்ககூட உக்காந்த அந்த ஒரு நாள்ல இருபத்திரெண்டு பேரத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப எந்த ரோல் வந்தாலும் முதல்ல கேக்கறேன் சார், இது எந்த ஊரு, இன்னா நேரம், இவங்க இன்னா நெறம்னு."

"கஸ்டமருங்க என்னைக் கேக்கறாங்க, இந்தப் பொண்ணு ஏன் இவ்ளோ கேள்வி கேக்குதுன்னு" என்றார் புருஷோத்தமன்.

விஜயலட்சுமி தூக்கைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து சுறாப் புட்டும் சோறும் சாப்பிட்டார்கள். தமிழ்நிலா இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். காரம் ஏறி மூக்கைத் துடைத்தபடி, சீசன் ஆரம்பித்ததும் ஒருநாள் உப்பளத்துக்கு வரலாமா என்று கேட்டாள். சவரியம்மாளைப் பார்க்க வேண்டுமாம்.

"ஞாயித்துக்கெழம வா. சர்ச்சுல பூசை முடிஞ்சு பத்து மணிக்கு வந்துடுவா" என்றார் சக்கரபாணி. "தொப்பி எடுத்துக்க. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வா."